மூட்டையிலிருந்து எடுத்த கல்

தேயிலை மலைகளுக்கு நடுவே, நோர்வூட்டில் நாங்கள் பளு தூக்கிப் பழகிய தகரக் கொட்டகைக்கு அவர் ஒரு கல் மூட்டையோடு வருவார். ஐம்பதை எட்டிய, ஒடிசலான மனிதர். மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளிப்படிகளில் ஏறி இறங்குவார். பிறகு அவித்த பயறு ஒரு கைப்பிடி உண்பார். மாதம் ஒருமுறை மூட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிடுவார்.

விவாத மேடைகளில் தோல்வியறியாத நான், அவருக்கும் அறிவுரை வழங்கினேன்.

"அண்ணே, பாரத்தைக் கூட்டினாத்தான் பலம் கூடும். நீங்க கொறைக்கிறீங்களே! வெறும் பயறும் பத்தாது, முட்டை சாப்பிடுங்க."

"முட்டை வீட்டுக்காரிக்குங்க தம்பி. அவளால நடக்க முடியாது. தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்கு வாகனமும் வராது. டிக்கோயா கிளினிக்குக்குப் போக, பஸ் ரோடு வரைக்கும் நான்தான் முதுகுல தூக்கிட்டு எறங்கணும். ஒருக்கா வழுக்கிட்டேன். அதுக்குத்தான் இந்தப் பழக்கம்."

"அப்போ கல்லை ஏண்ணே எடுக்குறீங்க?"

"கிளினிக்ல அவளை நிறுத்துச் சொல்ற எடைதாங்க மூட்டையில இருக்கு. தூக்க லேசாத்தானே ஆகுதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி."

அடுத்த மாதம் அவர் இரண்டு கற்களை எடுத்து வெளியே வைத்தார். மூட்டையை முதுகில் ஏற்றிவிட நான் கைகொடுத்தேன். அவ்வளவு இலகுவான ஒன்றை அவ்வளவு அச்சத்தோடு நான் அதுவரை தூக்கியதில்லை.