கதிரை தந்த வேலை

போன சனிக்கிழமை, பிக்கரிங்கில் மகள் வாங்கிய வீட்டுக்கு எங்கள் சாமான்கள் வந்து இறங்கின. லொறிக்காரர் மேசையைச் சுற்றியிருந்த தடித்த போர்வையை உதறினார். தூசியும் பழைய மரமும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது. என்னுடைய பழைய தொழிலின் வாசம் அது.

கனடா வந்த முதல் குளிர்காலத்தில், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்கினேன். என்னுடைய ஆங்கிலம் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டோடு முடிந்துவிடும். அதையும் மாற்றித்தான் சொல்லுவேன். சொல்வது விளங்காதவனுக்கு ஒரு கிழமைக்கு மேல் இங்கே இடமில்லை என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை நிலைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியைக் கூப்பிடலாம். என்ன வந்தாலும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

லொறி ஓட்டிய மனுவல் போர்த்துக்கேயர். வெக்ஸ்போர்ட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அவர் ஆங்கிலத்தில் எதையோ கேட்க, நான் மேசைவிளக்கைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு தன் பாஷையில் “கதெய்ரா, கதெய்ரா” என்றார். எங்கள் ஊரில் நாற்காலி என்றால் கதிரைதான்; கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மனிதர் என்னையே பார்த்தார். பிறகு “மேசா” என்றார். மேசையைத் தொட்டேன். “அர்மாரியு” என்றார். அலுமாரியைத் தழுவாத குறை.

வேலை முடிந்து வந்து, மல்வேர்னில் என்னோடு அறையில் இருந்த சூசையிடம் சொன்னேன்.

“போர்த்துக்கேயர் எங்கட தமிழைக் களவெடுத்து வைச்சிருக்கிறாங்கள்.”

மன்னார்க்காரனான சூசை சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “உது அவங்கட சொல்லடா. கோட்டை கட்ட வரேக்க கொண்டந்தவங்கள். போகேக்க கோட்டையையும் விட்டிட்டாங்கள், கதிரையையும் விட்டிட்டாங்கள்.”

எனக்குப் பொல்லாத கோபம். அம்மாவின் வாயால் கேட்ட சொல் எப்படி அவனுடையதாகும்? ஆனால் கோபம் வேலைக்கு உதவாதே. அடுத்த நாளிலிருந்து சப்பாத்து, சாவி, யன்னல் என்று ஒவ்வொன்றாக மனுவலிடம் விட்டுப்பார்த்தேன். எல்லாம் செல்லுபடியாயின. லாச்சி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அது பின்னால் வந்த ஒல்லாந்தர் விட்டுப்போனது என்று அப்போது நான் எங்கே கண்டேன்? மேசை லாச்சியை இழுத்துக் காட்டினேன். அன்று முதல் அவரும் லாச்சி என்றே சொன்னார்.

கிழமை முடிவில் முதலாளி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். மனுவல் கட்டைவிரலை உயர்த்தினார். என் மனைவி கனடா வந்து சேர்ந்தது அந்த விரலால்தான்.

மனுவல் இப்போது இல்லை. அந்தக் கம்பனியும் இல்லை. எத்தனையோ ஆட்சி மாறியும் எங்கள் வாயை விட்டுப் போகாத சொற்கள், மல்வேர்னிலிருந்து பிக்கரிங் வருவதற்குள் போய்விட்டன. எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது.

“இஞ்சேருங்கோ, அந்தச் சேரை டேபிளுக்குக் கிட்ட வையுங்கோ” என்றாள் மனைவி அன்று, சாமான்கள் இறங்கும்போது.

“கதிரை எண்டு சொல்லும், வைக்கிறன்.”

“ரெண்டும் ஒண்டுதானே.”

எப்படி ஒன்றாகும்? அந்தச் சொல் இல்லாவிட்டால் இவள் இன்னும் அங்கேயே இருந்திருப்பாள். சொல்லும்வரை தூக்குவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். லொறிக்காரர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பரவாயில்லை. லொறியில் இன்னும் ஐந்து கதிரைகள் இருந்தன. நான் வாசலை விட்டு நகரவில்லை.