நான் தொடாத பெட்டி

தேனீயைக் கொன்றவள் நான்தான் என்று சித்தப்பா இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது அவருக்கு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யோசிப்பார். இது மட்டும் மறக்கவில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில், அவருடைய பேத்தி, நான் தூக்கி வளர்த்த மகனின் மகள், என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, "அன்ரி, அப்பப்பான்ர ஹனி பீஸ் முழுக்க நீங்கள்தானாம் கில் பண்ணினது, உண்மையோ?" என்று கேட்டுச் சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வடையைக் கடித்தேன். சபையில் வாய் திறந்து பேச எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் நெஞ்சு கொதித்தது. ஐம்பது வருசமாக ஒரு பொய் நடமாடுகிறது, அதற்குப் பேத்தி வேறு பிறந்துவிட்டாள்.

அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ்தான். இதற்கு அது போதும்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினொரு வயது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை, சிட்னியில் ஆஸ்பத்திரித் தாதி. சித்தப்பா எஞ்சினியர். பிளாக்டவுனில் அவர்கள் வீடு வாங்கிய வருசமே குழந்தையும் பிறந்தது. இரண்டு பேரும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? "பிள்ளையை இங்க அனுப்புங்கோ, இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில படிக்கும்" என்று ஊருக்குக் கடிதம் வந்தது. அம்மா இரண்டு புதுச் சட்டை தைத்து என்னை அனுப்பிவிட்டார். வந்த பிறகு, குழந்தை தவழட்டும் என்றார்கள். தவழ்ந்த பிறகு, நடக்கட்டும் என்றார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை என்னோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. அது போகட்டும், நான் சொல்ல வந்தது தேனீக் கதை.

வீட்டை விற்ற மனிதர் பின் வளவில் இரண்டு தேனீப் பெட்டிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். வெள்ளைப் பூச்சுப் பூசிய மரப்பெட்டிகள். அடியில் நீளவாக்கில் ஒரு பிளவு, அதுதான் வாசல். அவற்றுக்குப் பக்கத்தில் துணிக்கொடி. கம்பத்தின் மேல் குடை விரித்த மாதிரிக் கம்பிகள். மற்ற வீடுகளில் அது காற்றுக்குச் சுழலும். எங்களுடையது துருப்பிடித்து இறுகி ஒரே இடத்தில் நின்றது. ஒரு பக்கம் வேலிக்கு அப்பால் ரயில் பாதை. மற்றப் பக்கம் ஒரு வெறும் புல்வெளி, அதில் யாரோ ஒருவரின் கிழட்டுக் குதிரை. வடக்கு, தெற்கு என்று எனக்குத் தெரியாது. ரயில் பக்கம், குதிரைப் பக்கம், அவ்வளவுதான்.

குழந்தைக்குக் கட்டுகிற நாப்கின் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தோய்த்துக் காயப்போடுவேன். அந்த வேலைதான் எனக்கு எல்லாவற்றையும் காட்டித் தந்தது. குளிர் தொடங்கத் தொடங்க வெயில் ரயில் பக்கமாகச் சரிந்தது. மத்தியானத்திலும் உச்சிக்கு ஏறாது, ரயில் பாதைக்கு மேலேயே நின்றுவிட்டுப் போய்விடும். ரயில் பக்கக் கம்பியில் போட்ட நாப்கின் மொறுமொறு என்று காயும். குதிரைப் பக்கத்தில் போட்டது பின்னேரமும் ஈரமாகத் தொங்கும். குளிர்காற்று வருவதும் அந்தக் குதிரைப் பக்கத்தில் இருந்துதான். பெட்டிகளின் வாசல் இரண்டும் ரயில் பக்கம் பார்த்து இருந்தன. காலை வெயில் வாசலில் விழுந்த பிறகுதான் தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைப் பார்த்து நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன்.

சித்தப்பா நூலகத்தில் இருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தார். இங்கிலாந்தில் அச்சடித்தது. அட்டையில் பனி கொட்டிக் கிடக்கிற வளவு, அதற்குள் ஒரு தேனீப் பெட்டி. பிளாக்டவுனில் பனி கொட்டி யாரும் பார்த்ததில்லை. அவர் அதைப் பற்றி யோசித்த மாதிரித் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

முதலில் தேன் எடுத்தார். மேல் தட்டில் எடுத்தது நியாயம். தெரிந்த தமிழ் வீடுகளுக்கு ஒவ்வொரு போத்தல் கொடுத்து, "எங்கட வளவுத் தேன்" என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் ஆகா என்றார்கள். அந்த ஆகாவுக்கு ஆசைப்பட்டு, குளிர்காலத்துக்குத் தேனீக்கள் சேர்த்து வைத்த கீழ்த் தட்டுத் தேனையும் எடுத்துவிட்டார். பதிலுக்குச் சீனித் தண்ணீர் வைத்தார். நான் புகையடிக்கிற தகரக் குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கே பொறுக்கவில்லை. உழைத்தது அவை. சாப்பிடுவது யார்?

பிறகு புத்தகத்தைப் பார்த்து, குளிர்காலத்தில் வாசல் தெற்கே பார்க்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு பெட்டிகளையும் குதிரைப் பக்கம் திருப்பினார். என் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"சித்தப்பா, வெயில் மற்றப் பக்கமெல்லே நிக்குது?"

"எந்தப் பக்கம்?"

"ரயில் பக்கம். நாப்கின் அந்தப் பக்கத்திலதான் காயுது."

அவர் குசினி யன்னலில் நின்ற சின்னம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீரே? கொடியில துணி காயப்போடுறவை எல்லாம் எஞ்சினியர் எண்டால், நான் என்னத்துக்கு யூனிவர்சிட்டிக்குப் போனனான்?"

சின்னம்மாவும் சிரித்தார். சித்தப்பா புதுக் குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றி வந்த பிளாஸ்டிக்கை எடுத்து, வாசலை மட்டும் விட்டு, தேனீப் பெட்டிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மூடி ஓரத்தில் இருந்த சின்னக் காற்றுத் துளைகளுக்குள் பழந்துணியை அடைத்தார். குளிர் ஒரு பொட்டும் உள்ளே போகாது என்றார்.

அன்று பின்னேரம் பூவுக்குப் போன தேனீக்கள் திரும்பி வந்து, பழைய வாசல் இருந்த இடத்தில் மோதி மோதிச் சுற்றின. எத்தனையோ பெட்டியின் சுவரிலேயே அப்பிக்கொண்டு கிடந்தன. வீட்டுக்கு வந்தால் வீட்டில் வாசல் இல்லை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

மழையும் குளிரும் ஒன்றாக வந்தன. வாசலுக்கு முன்னால் செத்த தேனீக்கள் கிடக்கத் தொடங்கின. பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்று வடிந்தது. மழை விட்டு நல்ல வெயில் எறிக்கிற நாளிலும் ஒன்றும் வெளியே வரவில்லை. வெயில் படுகிற பக்கத்தில் வெறும் சுவர், வாசல் பக்கத்தில் நிழலும் காற்றும். சித்தப்பா ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. குளிர்காலத்தில் பெட்டிக்குக் கிட்டப் போகக் கூடாது என்று புத்தகத்தில் இருந்ததாம்.

ஒரு நாள் பகல், இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தை நித்திரை. நான் சின்னம்மாவின் பழைய மழைக்கோட்டைப் போட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு போனேன். கொடிக்குக் கிட்ட இருந்த பெட்டியின் பிளாஸ்டிக்கைக் கத்தியால் கீறி இழுத்தேன். துளைகளுக்குள் இருந்த துணியைப் பிடுங்கினேன். பிறகு ஒரு மூலையைப் பிடித்து ஒரு சாண், மற்ற மூலையைப் பிடித்து ஒரு சாண் என்று அரக்கி அரக்கி ரயில் பக்கம் திருப்பினேன். என்னால் முடியும் என்று நான் நினைக்கவில்லை. தேன் முழுக்க எடுத்த பெட்டி, பாரம் எங்கே இருக்கப் போகிறது? இரண்டு இடத்தில் கொட்டு வாங்கினேன். குசினியில் இருந்த சீனித் தண்ணீரையும் ஒரு மூடியில் ஊற்றி வைத்தேன். மற்றப் பெட்டியில் கை வைக்கப் போக, உள்ளே குழந்தை வீரிட்டது.

வீங்கிய கையைக் கண்டு சின்னம்மா கேட்டபோது, இடியப்பம் அவிக்கையில் ஆவி பட்டது என்றேன். மறுநாள் மற்றதைத் திருப்பலாம் என்று இருந்தேன். மறுநாள் தொடங்கிய மழை ஒரு கிழமை விடவில்லை. அதற்குப் பிறகு சித்தப்பா தடிமன் வந்து வீட்டில் நின்றார். அதற்குப் பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னில் குற்றம் இருக்கிறது என்றால் இதுதான் அந்தக் குற்றம். தொட்டதில் இல்லை, தொடாமல் விட்டதில்.

ஆகஸ்ட் முடிவில், வாட்டில் மரங்களில் மஞ்சள் பூப் பூத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெஸ்ட்மீட் பக்கம் இருந்து ஒரு அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அன்ரி இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். தேநீருக்குப் பிறகு சித்தப்பா அவர்களைப் பெட்டி காட்டக் கூட்டிக்கொண்டு போனார். தட்டில் பிஸ்கட்டோடு நானும் பின்னால் போனேன்.

கொடிக்குக் கிட்ட இருந்த பெட்டியில் தேனீக்கள் மஞ்சள் தூள் பூசிய காலோடு போவதும் வருவதுமாக இருந்தன. மற்றதில் சத்தமே இல்லை. சித்தப்பா பிளாஸ்டிக்கை அவிழ்த்து மூடியைத் திறந்தார். புளித்த மணம் வந்தது. அடை கட்டிய மரச்சட்டங்களில் பூஞ்சணம். தேனீக்கள் வெறும் அறைகளுக்குள் தலையைக் கொடுத்தபடி செத்திருந்தன. கடைசிச் சொட்டுத் தேடி உள்ளே போனவை அப்படியே கிடந்தன. அப்போதுதான் ஒரு பெட்டியின் வாசல் மாறி இருப்பதைச் சித்தப்பா கண்டார்.

"ஆர் இதைத் திருப்பினது?"

"நான்தான்," என்றேன்.

"பாத்தீங்களே! ஒண்டும் தெரியாததுகள் கை வைச்சால் இப்பிடித்தான். அநியாயமாச் சாகடிச்சுப் போட்டாள்."

"நான் தொட்டது மற்றப் பெட்டி, சித்தப்பா. உயிரோட இருக்கிறது."

"ஒண்டைத் தொட்டால் மற்றதும் குழம்பும்!"

அங்கிள் இருமினார். இருமலா சிரிப்பா தெரியாது. அன்ரி மட்டும் என் பக்கம் திரும்பி, ஏன் திருப்பினனீர் என்று மெதுவாகக் கேட்டார். நாப்கின் காய்கிற பக்கத்தைச் சொன்னேன். பிளாஸ்டிக்கில் வடிந்த தண்ணீரைச் சொன்னேன். வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அன்ரி என் பக்கம் குனிந்தார். "நீர் எத்தினையாம் வகுப்பு?"

"அஞ்சாம் வகுப்பு முடிச்சனான்."

"அது ஊரில. இங்க எந்தப் பள்ளிக்கூடம்?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். சின்னம்மா தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வாற வருசம் சேர்ப்பம் எண்டு இருக்கிறம். இவன் ஒருக்கா நடக்கத் துவங்கட்டும்," என்றார். குழந்தை அப்போது துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு நிற்பதாக இருந்தவர்கள், நிற்கவில்லை. சின்னம்மா கொடுத்த தேன் போத்தலை அன்ரி வாசல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். கார் போன பிறகு சித்தப்பா என்னைப் பார்த்து, "வந்த சனத்துக்கு முன்னால வாய் காட்டினதால வந்த வினை," என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். செத்த தேனீயைப் பார்த்து அருவருத்துத்தான் அன்ரி தேனை விட்டுவிட்டுப் போனார் என்றும் நினைத்தேன்.

அடுத்த வருசம் குளிருக்குச் சித்தப்பா மிஞ்சிய பெட்டியின் வாசலை ரயில் பக்கமே விட்டார், தேனிலும் பாதியை விட்டுவைத்தார், பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை. "இந்த நாட்டில புத்தகம் சரிவராது, இங்க வெயில் வடக்கால வாறது, சூரியனைப் பாத்துச் செய்யவேணும். நான் அனுபவத்தில கண்டுபிடிச்சது," என்று வந்தவர்களுக்கு விளக்கினார். நான் பிஸ்கட் தட்டோடு நின்று கேட்டேன். அந்தக் கண்டுபிடிப்பு அவருடையது, செத்த பெட்டி என்னுடையது. இப்படித்தான் பங்கு பிரிந்தது.

ஆனால் அதற்கு முன் ஒன்று நடந்தது. அன்ரி வந்து போன அடுத்த கிழமை, ஒரு மத்தியானம், யாரோ முன் கதவைத் தட்டினார்கள். பெரியவர்கள் இல்லாத நேரம் கதவு திறக்கக் கூடாது என்பது சின்னம்மாவின் கட்டளை. திரைச்சீலை ஓரத்தால் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் தோல் பை, பைக்குள் கடதாசிகள். ஏதோ சொன்னாள், 'ஸ்கூல்' என்ற சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் பெயரைச் சொன்னாள். அப்பாவின் பெயரோடு சேர்த்து, உடைத்து உடைத்து, முழுப் பெயரையும்.

அந்த அன்ரிதான் போய்ச் சொல்லிவிட்டார், தேனீயைச் சாகடித்ததற்கு என்னைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தேன். நான் தொட்டது மற்றப் பெட்டி என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குசினி மேசைக்குக் கீழே போய் இருந்தேன். அது அழாமல் இருக்கச் சீனி தொட்ட விரலை அதன் வாயில் வைத்தேன். அவள் மூன்று தரம் தட்டினாள். மூன்று தரம் என் பெயரைச் சொன்னாள். பிறகு கதவுக்குக் கீழால் ஒரு கடதாசியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

சித்தப்பா வந்து அந்தக் கடதாசியை நின்றபடியே வாசித்தார். மடித்துத் தேனீப் புத்தகத்துக்குள் வைத்தார். அடுத்த நாள் புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

"கதவு திறக்கேல்லைத்தானே?" என்று சின்னம்மா கேட்டார்.

"இல்லை."

"கெட்டிக்காரி," என்று சொல்லி, அன்ரி விட்டுவிட்டுப் போன போத்தலைத் திறந்து எனக்கு ஒரு கரண்டி தேன் தந்தார். அந்த வீட்டுத் தேனை அதுவரைக்கும் நான் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் கரண்டியையும் நக்கினேன். நன்றாக இனித்தது.