கல்லின் எந்தப் பக்கம் வாசல்

நாக்கு நுனியைக் கல்லில் வைத்து, ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, "இது நல்லா தண்ணி குடிக்கும்" என்கிறார் கல்லக்கா. உள்ளே துளை அதிகமுள்ள கல் நாக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். அதை அளக்க ஆய்வுக்கூடத்தில் ஆளுயரக் கருவி ஒன்று இருக்கிறது. இருவர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் கல்லக்கா கருவியைத்தான் சந்தேகிப்பார்.

ஐம்பதை நெருங்குகிறார். இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கற்கள், கட்டைவிரல் பருமனில் அவர் கைக்கு வரும். ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை அந்தப் பாறைக்குள் செலுத்திப் பூட்டிவைக்கலாமா என்பதுதான் கேள்வி. உப்புநீரில் வாயுவைக் கரைத்து, எஃகுக் குழாயில் செருகிய கல் வழியே நாள்கணக்கில் அழுத்துவார். வாயு கலந்த நீர் புளிக்கும். புளித்த நீர் கல்லை அரிக்கும். ஓரிடத்தில் துளை அகலமாகும். அங்கே உதிர்ந்த தூள் நகர்ந்துபோய் வேறொரு இடுக்கில் உட்கார்ந்து வழியை அடைக்கும். எங்கே திறந்தது, எங்கே அடைத்தது என்று பார்க்க, முன்னும் பின்னும் மருத்துவமனையில் எடுப்பதுபோல ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அந்தப் படங்களின் முன் உட்கார்ந்துவிட்டால் கல்லக்கா இந்த உலகத்தில் இல்லை. சாம்பல் நிறத்துக்குள் கறுப்புச் சந்துகள், சந்துக்குள் அறைகள். "இப்படிப் போனா ஒரு கூடம் வரும். அங்கேருந்து குனிஞ்சுதான் போகணும்" என்று முணுமுணுத்தபடி உள்ளே உலவுவார். பக்கத்தில் தேநீர் ஆறிக் கிடக்கும். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பாறையக் கட்டியிருக்கலாம்" என்பது பேருந்து ஓட்டும் கணவரின் அன்றாடப் புலம்பல். "பாறை குறட்டை விடாதுன்னு அப்பத் தோணலியே" என்பார் இவர்.

நீர் நுழையும் முனையில் அரத்தால் ஒரு கீறல் போடுவது வழக்கம். அதுதான் வாசல், ஸ்கேனில் அது மேலே இருக்க வேண்டும். போன வாரம் வெளியே வந்த கல்லில் புளித்த நீர் அந்தக் கீறலையே தின்றிருந்தது. மறுமுனையில் இயற்கையான ஒரு வெடிப்பு, பார்க்க அவர் போட்ட கீறல் மாதிரியே. யோசிக்காமல் அதை மேலே வைத்துவிட்டார். 'வாசலிலேயே அடைத்துக்கொள்கிறது, இந்தப் பாறை ஆகாது' என்று அறிக்கையும் போயாயிற்று.

நேற்று மதியம் படத்துக்குள் உலவும்போது, கடைசி அறையில் ஒரு சிப்பி வடிவக் குழி எதிர்ப்பட்டது. முதல் படத்தில் வாசலருகே பார்த்துப் பழகிய குழி. அப்படியானால் கல்லைத் தலைகீழாக வைத்திருக்கிறார்; வாசல் திறந்துதான் இருக்கிறது, அடைப்பு மறுமுனையில், உள்ளே போன வாயுவைப் பூட்டும் இடத்தில்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் இப்படித்தான் கல்லைத் திருப்பி வைத்தார். "அந்தக் கை இனி கல்லத் தொடக்கூடாது" என்றார் மேலாளர். திருப்பி வைத்தவர் இன்றும் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். கல்லில்லாத ஒரு நாளை கல்லக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"விடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பக்கத்து மேசைப் பொறியாளர்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

இன்று காலை கல்லோடு மேலாளர் அறைக்குப் போனார். அறிக்கை மேசைமேல் விரிந்திருந்தது. கல்லை அதன் மேல் நிறுத்தி வைத்தார்.

"சார், இது நல்ல பாறை. தப்பு என்னோடது."

மேலாளருக்குப் புரியவில்லை. "வாசல்லயே அடைக்குதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

கல்லக்கா கல்லை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.