வதாத் அக்காவின் குலவை

பெய்ரூட்டில் ஒரு கல்யாணப் பாட்டு வெளியானால் பாடகி பெயர் இருக்கும், தாளம் தட்டியவன் பெயர்கூட இருக்கும். நடுவில் கேட்கிற குலவை யாருடையது என்று ஒரு பயலும் போட மாட்டான். பதினெட்டு வருஷமாக அது வதாத் அக்காவுடையது. பதிவு செய்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரே தங்கை, அவளும் மான்ட்ரியலில்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த பிறகும் அக்கா மைக்கை விட்டு நகரவில்லை.

"இலியாஸ், பாட்டு இல்லாம வெறும் குலவை மட்டும் ஒண்ணு எடுத்துக் குடு."

"எதுக்குக்கா?"

"எங்க கட்டடத்துல மூணாவது மாடி ஹன்னா பெரியவர் செத்துட்டார். அவரும் தனிக்கட்டை. கல்யாணம் ஆகாதவங்க சாவ அவங்க கல்யாணமா நெனச்சு, குலவை போட்டுத்தானே அனுப்பணும்? அங்க ஒருத்தியும் வாயத் திறக்கல. நான்தான் போட்டேன். எனக்கு யாரு போடுவா?"

"அதெல்லாம் சின்ன வயசுல போறவங்களுக்குக்கா."

"கல்யாணம் ஆகாதவளுக்கு என்னடா வயசு? சிவப்பு விளக்கப் போடு."

போட்டேன். கையை வாயோரம் வைத்து நீளமாக ஒரு குலவை போட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னால் தலை நிமிர முடியவில்லை. திரும்பப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி கடைசி வரை கேட்டாள்.

"இதுல அழுகை கேக்குது. அழிச்சுட்டு இன்னொண்ணு எடு. கல்யாணத்துக்கு வந்தவ போட்ட மாதிரி இருக்கணும்."