கையோடு வந்த ஜாக்கெட்

வந்தவர்களின் மூச்சை நிறுத்துவதுதான் அவளுடைய வேலை. ஆற்றில் படகு ஏற வந்தவர்கள் அப்படித்தான் புகார் சொல்வார்கள். ரப்பர் படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் மிதவை ஜாக்கெட்டை மாட்டி, இடுப்பு வாரில் தொடங்கி எல்லா வாரையும் இழுத்துக் கட்டுவாள். பிறகு ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து ஆளையே தூக்கிப் பார்ப்பாள். ஜாக்கெட் காதுவரை ஏறினால், மறுபடியும் முதலிலிருந்து கட்டு. தண்ணீரில் விழுந்தவரை இழுக்கிறவர்களுக்குக் கிடைக்கிற பிடி அந்தத் தோள்பட்டைதான். 'இறுக்கி' என்று அவளுக்குப் பெயர்.

"ஏம்மா, சாப்பிட்டது வெளிய வந்துரும் போல இருக்கே!" என்பார் ஒரு தொப்பைக்காரர்.

"வரட்டும் சார். நீங்க உள்ள இருந்தா போதும்."

அவள் கைக்குத் தப்பியவர்கள் படகோட்டிகள் மட்டுமே. கரையில் நிற்கிற ஆளிடம் வார் கட்டிக்கொள்வது புதுசுகளின் அடையாளமாம். பழைய ஆள் தானே மாட்டிக்கொள்வான். துடுப்பு வீசவும் கத்திக் கட்டளை போடவும் வசதியாக, கொஞ்சம் தொளதொளவென்று. அனுபவமெல்லாம் அந்தத் தொளதொளப்பில் குடியிருப்பதாக ஒரு நினைப்பு. அவர்களில் மிகப் பழையவர், அதாவது மிகத் தொளதொளப்பானவர், அவளுடைய கணவர்.

"ஏங்க, நில்லுங்க. ஒரு இழு இழுத்து விட்டுர்றேன்."

"வீட்டுல இறுக்குறது பத்தாதா?" என்பார். கரையே சிரிக்கும். அவளும் சிரித்துவிடுவாள்.

மலையில் கனமழை பெய்த மறுநாள் ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. எப்போதும் தலைகாட்டுகிற பெரிய பாறை மூழ்கியிருந்தது. பாறை தெரியாவிட்டால் நமக்கு நிம்மதி. ஆற்றுக்காரர்களுக்கு அப்போதுதான் பயம். பாறையைத் தாண்டி விழுகிற தண்ணீர் அதன் பின்னால் திரும்பிச் சுருண்டு, அகப்பட்டதை விடாமல் புரட்டும். கணவர் அந்தச் சுருளை விட்டு ஒதுங்கித்தான் போனார். பக்கவாட்டில் வந்த அலை படகைக் கவிழ்த்துவிட்டது. அடுத்த படகுக்காரர்கள் பயணிகள் எல்லோரையும் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவர் மட்டும் சுருளுக்குள். காவலுக்குச் சின்னப் படகில் வந்த அவர் தம்பி எட்டிப் பிடித்தான். தோள்பட்டை கைக்கு வந்தது, ஜாக்கெட்டும் வந்தது. அண்ணன் வரவில்லை. ஆறு அவரை வெகுதூரம் கொண்டுபோய், சாவகாசமாகத் திருப்பித் தந்தது.

"கைக்குக் கிடைச்சவனை விட்டுட்டான்" என்றது ஊர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே வெள்ளத்தை நீந்திக் கடந்த வீரர்கள் நம்மிடையே ஏராளம். தம்பியும் அதை நம்பிவிட்டான். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும். அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்த வீட்டிலிருந்து இன்னொருவனும் போய்க்கொண்டிருந்தான். அவளுக்குத் தன் துக்கத்தைவிட இதுதான் பயமாக இருந்தது.

"விட்டுட்டேன் அண்ணி."

"நீ விடலப்பா."

"எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும் சொல்றாங்களா? சரி, எந்திரி."

ஜாக்கெட்டை ஒரு கையிலும் அவனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனாள். படகோட்டிகள் எழுந்து நின்றார்கள். கணவர் விட்டுப்போன தளர்விலேயே, ஒரு வாரையும் தொடாமல், கொழுந்தனுக்கு அதை மாட்டினாள்.

"கையத் தூக்கு."

தோள்பட்டையைப் பிடித்து ஒரே இழு. ஜாக்கெட் அவன் தலை வழியாகக் கழன்று அவள் கைக்கு வந்துவிட்டது.

"பாத்துக்கோங்க," என்றாள். "இவன் விடல. அவர்தான் கட்டல."

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது, அதுவும் கட்டியவள் சொல்லவே கூடாது என்பார்கள். ஆற்றிலேயே கெட்டிக்காரர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் அவளுக்கு விட்டுப்போனது. அதை அவளே அத்தனை பேர் முன்னால் அவிழ்த்துப் போட்டாள். படகோட்டி ஒருவர் தலைகுனிந்து தன் இடுப்பு வாரைத் தேடினார்.

தம்பி அப்போதுதான் அழுதான். "மடையன்," என்றான் மெதுவாக.

"இன்னும் நல்லாத் திட்டு. கூச்சப்படாத, நானும் திட்டுறேன்."

இருவரும் கல்லில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து, தொண்டை கட்டும்வரை மாறி மாறித் திட்டினார்கள். அவள் திட்டியதிலும் மரியாதைக்குக் குறைவில்லை.

"கொழுப்புங்க உங்களுக்கு," என்றாள். "அத்தனையும் கொழுப்புங்க."