நூற்றில் மூன்று பேர்

வடக்குத்து கிராமத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் ஜோஸ்வா. நிலக்கரிச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை வாரிப் போடும் கான்ட்ராக்ட் வேலை. ஒல்லி, நெட்டை. அப்படிப்பட்ட உடம்புக்காரர்களுக்குத்தான் நுரையீரல் சொல்லாமல் கொள்ளாமல் சுருங்குமாம். அவருக்கு இடது பக்கம் இரண்டு முறை சுருங்கியது. போன வருஷம் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து, நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைத்தார்கள். இனி நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் திரும்ப வரும் என்றார் டாக்டர்.

ஜோஸ்வா அந்த மூன்று பேரையே நினைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி டெய்சி சிரித்தார். "மாதா கோயில் குலுக்கல்ல ஒரு வாளிகூட வுழுந்ததில்ல உங்களுக்கு. இது மட்டும் வுழுந்துடுமா?"

இந்த மாதம் சுரங்கத்துக்குள் போகும் கேட் பாஸைப் புதுப்பிக்க மெடிக்கல் வைத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஃபர்ஸ்ட் ஷிப்டில் குனிந்து நிமிரும்போது இடது தோளுக்குக் கீழே சுருக்கென்றது. பெல்ட் வேலைக்காரர்கள் நெஞ்சுவலியை முதலில் கேஸ் என்றுதான் சொல்வார்கள். சோடா குடித்துவிட்டு மண்வெட்டியை எடுப்பார்கள். அவரும் அப்படியே. இரண்டு நாள் கழித்து மெடிக்கல் படிவத்தில், முன்பு ஆபரேஷன் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். பாஸ் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் டெய்சி அவர் முதுகில் காது வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் வைப்பதுதான்; இரண்டு நாளாக அசதி என்று அவர் தட்டிக்கழித்திருந்தார். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது.

"இடது பக்கம் மேல காத்தே கேக்கலைங்க."

"கேஸு, டெய்சி."

"கேஸுக்கு எதுக்கு மூச்ச அடக்கிகினு பேசறீங்க?"

டெய்சி என்னைக் கூப்பிட்டார். நான்தான் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலின் உச்சி மட்டும் கொஞ்சம் பிரிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் ஒட்டியபடியே இருந்ததால் முழுசாகச் சுருங்கவில்லை. குழாய் போட வேண்டாம், ஓய்வெடுத்தால் போதும், பளு தூக்கவே கூடாது என்றார்கள். அப்படியென்றால் ஆபரேஷன் தோற்றதா, ஜெயித்ததா என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் அய்யாசாமிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார் ஜோஸ்வா. ஆபரேஷன், படிவத்தில் எழுதிய பொய், எல்லாவற்றையும் சொன்னார். "பெல்ட்டு பக்கம் இனிமே முடியாதுண்ணே. ஒக்காந்து செய்யற வேல எதுனா இருந்தா சொல்லுங்க."

அய்யாசாமி, முதலில் போய்ப் படு, மற்றதைப் பார்க்கலாம் என்றார்.

டெய்சிக்கு அது வேலை உண்டு என்பதாகக் கேட்டது. ஜோஸ்வாவுக்கு அவ்வளவு நிச்சயமாகக் கேட்கவில்லை; பொய் எழுதி வாங்கிய பாஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.