பழைய சுவிட்சுக்கும் ஒரு பொட்டு

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் ஆயுத பூஜை. எல்லோரும் அம்பாள் படத்தின் முன் லேப்டாப் வைத்தார்கள். நான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து இப்போது படுக்கையில் கிடக்கும் என் கணவர் கொடுத்தனுப்பிய, அழைப்புகளை இணைக்கும் பழைய இரும்பு சுவிட்சை வைத்தேன்.

“மாமி, கபாடிவாலாவுக்கு எடைக்குப் போடற பழைய இரும்பை ஜல்தி எடுங்கோ!” என்றார் செக்ரட்டரி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

பொட்டில்லாமல் இதை என் கணவரிடம் எப்படித் திருப்பிக் கொண்டுபோவேன்?

“எடுக்க மாட்டேன். மூணுன்னு டயல் பண்ணினா இந்தக் கை மூணு படி ஏறும். அப்புறம் காலி லைனைத் தேடித் தானே சுத்தும். நடுவுல லைன் போட்டுக் கொடுக்க ஆளே வேண்டாம். டெல்லியையே பேச வெச்சுது, எங்களுக்குச் சோறும் போட்டுது. இது ஆயுதம் இல்லையா?”

நானே சந்தனமும் குங்குமமும் இட்டேன்.

அம்பாள் எதிரில் அன்றுதான் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினேன். அதற்காக அவளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.